பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு நுண்ணோக்கியைக் கையாளக் கற்பிப்பது எப்படி?

அரசு மேல்நிலைப் பள்ளியொன்றில் இந்த ஆண்டு தாவரவியல் ஆசிரியராகச் சேர்ந்திருப்பதாகவும், ஆய்வகத்தில் ஐந்து கூட்டு நுண்ணோக்கிகளும் பதினோராம் வகுப்பில் ஐம்பது மாணவர்களும் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீங்களே ஸ்லைடை வைத்து, ஃபோகஸ் செய்து, மாணவர்களை வரிசையில் அனுப்புகிறீர்கள். பார்த்தவர்கள் எல்லாரும் "தெரியுது டீச்சர்" என்கிறார்கள். ரெக்கார்டு நோட்டில் வருவதோ பாடப்புத்தகத்துப் படம். நுண்ணோக்கியின் பாகங்களை இன்னும் விளக்கமாக நடத்தினால் இது சரியாகுமா, அல்லது கைபேசியை இணைத்துத் திரையில் காட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்தவரை, உண்மையில் நீங்கள் கேட்பது பாகங்களைப் பற்றியோ திரையைப் பற்றியோ அன்று. ஒரு மாணவர் தன் கையால் ஒரு பிம்பத்தைத் தேடிக் கண்டுபிடித்து, கண்டது இன்னதென்று நம்பிச் சொல்லும் நிலைக்கு அவரை எப்படிக் கொண்டுவருவது என்பதே கேள்வி. மேல்நிலை வகுப்புகளுக்குத் தாவரவியல் செய்முறையைப் பல ஆண்டுகள் நடத்திய அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். ஒளியியல் பற்றிச் சொல்பவை உறுதியானவை. கற்பிக்கும் முறை பற்றிச் சொல்பவற்றுள் சில என் வகுப்பறைகளில் பலன் தந்தவை மட்டுமே, அவற்றை அந்தந்த இடத்தில் பிரித்துக் காட்டுகிறேன்.

முதலில் மாற்ற வேண்டியது, ஃபோகஸ் செய்து வைத்துக் காட்டும் வழக்கத்தை. அப்படி வைத்த நுண்ணோக்கியில் எட்டிப் பார்க்கும் மாணவர் அதைப் பயன்படுத்தவில்லை. ஆசிரியர் கண்டதை நம்பிவிட்டு நகர்கிறார். பின்னால் ஒன்பது பேர் காத்திருக்கும்போது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லும் துணிவு பதினாறு வயதில் எத்தனை பேருக்கு இருக்கும்? அவர்களைப் பொய் சொல்ல வைப்பது அந்த வரிசைதான். பாகங்களின் பெயரை முதல் நாளிலேயே பட்டியலாக நடத்துவதையும் நான் விட்டுவிட்டேன். திருகைத் திருப்பி அதன் விளைவைக் கண்ட பிறகு பெயரைச் சொன்னால் அது தானே மனத்தில் நிற்கிறது.

முதல் வகுப்புக்கு உயிருள்ள பொருள் எதுவும் வேண்டாம் என்பது என் முடிவு. வெங்காயத் தோலை இதுவரை கண்டிராத மாணவருக்கு, தான் பார்ப்பது சரியா தவறா என்று சோதித்துக்கொள்ள வழியே இல்லை. அவருக்கு முன்பே நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தர வேண்டும். அச்செழுத்தைவிட நன்றாகத் தெரிந்தது வேறில்லை. பொடி எழுத்தில் அச்சிட்ட தாளிலிருந்து 'ட' என்ற எழுத்தை வெட்டி, ஸ்லைடின் மேல் நேராக வைத்து, ஒரு சொட்டு நீர் விட்டுக் கவர் ஸ்லிப்பால் மூடச் சொல்லுங்கள். நீர் பட்டதும் தாள் ஓரளவு ஒளியை ஊடுருவ விடும். 'ப' இதற்கு உதவாது; அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல இருப்பதால், பிம்பம் தலைகீழானது மட்டுமா, இடவலமும் மாறிவிட்டதா என்று சொல்ல முடியாது. 'ட' இரண்டையும் காட்டிக்கொடுத்துவிடும். முதலில் வெறுங்கண்ணால் ஸ்லைடில் எப்படி இருக்கிறது என்று ஒரு கட்டத்திலும், நுண்ணோக்கியில் எப்படித் தெரிகிறது என்று அடுத்த கட்டத்திலும் வரையட்டும். எழுத்து 180 பாகை சுழன்று நிற்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். பிறகு ஸ்லைடை வலப்புறம் மெல்லத் தள்ளச் சொல்லுங்கள். பிம்பம் இடப்புறம் ஓடும். இந்த எதிர்த்திசை நகர்வு விரலுக்குப் பழகும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். பின்னாளில் ஒரு பாரமீசியத்தைத் துரத்த வேண்டிய நேரத்தில் இது யோசித்துச் செய்யும் செயலாக இருந்தால், அந்த உயிரி பார்வைப் புலத்தைக் கடந்து போய்விடும்.

அதே எழுத்தை வைத்தே பார்வைப் புலம் சுருங்குவதையும் காட்டலாம். புல எண் (கண்ணருகு லென்ஸினுள் உள்ள வட்டத் திறப்பின் விட்டம், மில்லிமீட்டரில்) 18 கொண்ட 10 மடங்கு கண்ணருகு லென்ஸில், 4 மடங்கு பொருளருகு லென்ஸுடன் நாம் பார்க்கும் வட்டத்தின் விட்டம் 4.5 மில்லிமீட்டர், 10 மடங்கில் அது 1.8 ஆகவும், 40 மடங்கில் 0.45 ஆகவும் குறைகிறது. பள்ளிகளில் இருக்கும் பழைய கண்ணருகு லென்ஸுகளில் இந்த எண் மாறலாம், ஆனால் விகிதம் மாறாது. 10-இலிருந்து 40-க்குத் திருப்பியதும் கண்முன் இருக்கும் பரப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது என்பதை இந்தக் கணக்கிலிருந்து அவர்களையே வருவிக்கச் சொல்லுங்கள். "பெரிய லென்ஸுக்கு மாற்றினேன், காணாமல் போய்விட்டது" என்ற புலம்பலின் முதன்மையான காரணம் இது. பொருளை வட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே லென்ஸை மாற்ற வேண்டும் என்ற விதிக்குக் காரணம் தெரிந்துவிட்டால், அதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

ஃபோகஸ் செய்யக் கற்பிக்கும்போது "மேலே ஏற்று", "கீழே இறக்கு" என்ற சொற்களைத் தவிர்ப்பது நல்லது. பழைய நுண்ணோக்கிகளில் திருகைத் திருப்பினால் குழல் நகரும். புதியவற்றில் மேடை நகரும். உங்கள் ஐந்தில் இரண்டு பழையதாகவும் மூன்று புதியதாகவும் இருந்தால், ஒரே கட்டளை இரண்டிடத்தில் நேர்மாறான விளைவைத் தரும். "லென்ஸும் ஸ்லைடும் நெருங்கட்டும்", "விலகட்டும்" என்று சொன்னால் குழப்பம் வராது. குறைந்த திறன் லென்ஸை வைத்து, கண்ணருகு லென்ஸில் பார்க்காமல் பக்கவாட்டிலிருந்து பார்த்தபடியே இரண்டையும் நெருக்க வேண்டும். பிறகு கண்ணை வைத்து, விலக்கும் திசையில் மட்டும் பெரிய திருகை மிக மெதுவாகத் திருப்ப வேண்டும். பார்த்துக்கொண்டே நெருக்குவதுதான் ஸ்லைடு நொறுங்குவதற்கும் லென்ஸ் கீறுவதற்கும் காரணம். 40 மடங்கு லென்ஸின் முனைக்கும் கவர் ஸ்லிப்புக்கும் இடையே கிடைக்கும் இடைவெளி பொதுவாக அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். 10 மடங்கில் தெளிவாக்கிய பிறகு 40-க்குத் திருப்பினால், நல்ல கருவியில் பிம்பம் ஏறக்குறையத் தெளிவாகவே இருக்கும். சிறிய திருகைச் சற்று அசைத்தால் போதும். பெரிய திருகை அப்போது தொடவே கூடாது. இந்த ஒரு விதியில் நான் எவருக்கும் விலக்குக் கொடுத்ததில்லை.

இதிலிருந்து ஒரு நல்ல புதிரும் கிடைக்கிறது. ஸ்லைடு சுமார் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ளது. கவர் ஸ்லிப் சுமார் 0.17 மில்லிமீட்டர். ஸ்லைடைத் தலைகீழாக வைத்துவிட்டால், 10 மடங்கில் எல்லாம் நன்றாகத் தெரியும், 40 மடங்கில் என்ன செய்தாலும் தெளிவு வராது. கண்ணாடியின் கனம் லென்ஸின் இடைவெளியைவிடப் பெரியது என்பதால் லென்ஸ் பொருளை எட்டவே முடியாது. நிரந்தர ஸ்லைடுகளைக் கையாளும்போது இந்தத் தவறு அடிக்கடி நேரும். காரணத்தை நீங்கள் சொல்லிவிடாமல், இரண்டு கனங்களையும் கொடுத்து மாணவர்களைச் சிந்திக்க விடுங்கள்.

இனி ஒளி. பள்ளிகளில் மிகக் குறைவாகக் கற்பிக்கப்படுவதும், "ஒன்றும் தெரியவில்லை" என்பதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பதும் இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஒளிபுகும் ஒரு மெல்லிய பொருளைக் கீழிருந்து வரும் வெளிச்சத்தில் பார்க்கிறோம். வெளிச்சம் மிகுந்தால் நன்றாகத் தெரியும் என்று மாணவர்கள் எண்ணுவது இயல்பு, ஆனால் சாயமேற்றாத வெங்காயத் தோல் முழு வெளிச்சத்தில் ஏறக்குறைய மறைந்தே போய்விடும். ஒளியை ஸ்லைடின் மேல் குவிக்கும் ஒளிக்குவிப்பானுக்குக் கீழே, ஒளி வரும் துளையைச் சுருக்கி விரிக்கும் டயஃப்ரத்தை மெல்ல மூடினால் செல் சுவர்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். இந்த ஒரு சோதனையை ஒவ்வொரு மாணவரும் தன் விரலால் செய்து பார்க்க வேண்டும். டயஃப்ரத்தின் நெம்பியை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நகர்த்தி, எந்த இடத்தில் சுவர்கள் நன்றாகத் தெரிகின்றன, எந்த இடத்துக்கு மேல் விளிம்புகள் தடித்துக் கறுத்து இரட்டைக் கோடாகின்றன என்று குறித்துக்கொள்ளட்டும். மூட மூட ஒளி-இருள் வேறுபாடு கூடுகிறது, அருகருகே உள்ளவற்றைப் பிரித்துக் காட்டும் பகுதிறன் குறைகிறது. இரண்டுக்கும் இடையில் ஓரிடத்தைக் கண்டறிவது பார்ப்பவரின் பொறுப்பு. 40 மடங்குக்குப் போகும்போது பிம்பம் மங்கும், ஆகவே அப்போது சற்றுத் திறக்க வேண்டும். சாயமேற்றிய ஸ்லைடுக்கு இன்னும் திறக்கலாம்.

ராபர்ட் ஹூக் 1665-இல் வெளியிட்ட தம் நூலின் முன்னுரையில் இதே சிக்கலைப் பற்றி எழுதியிருக்கிறார். ஈயின் கண் ஒரு வகை வெளிச்சத்தில் துளைகள் நிறைந்த வலைச்சட்டம்போலவும், வெயிலில் பொன் ஆணிகள் அறைந்த பரப்புபோலவும், வேறொரு நிலையில் கூம்புகளாகவும் அவருக்குத் தெரிந்தது. அதனால், ஒன்றின் உண்மையான வடிவம் புலப்படும்வரை பல ஒளிகளில் பல நிலைகளில் பார்த்த பிறகே அதை வரைந்ததாகச் சொல்கிறார். செல் என்ற பெயரைக் கொடுத்தவர் அவர் என்று ஒரு மதிப்பெண் கேள்விக்காகப் படிக்கும் மாணவர்களுக்கு, அவருக்கும் முதல் பார்வையில் எதுவும் உறுதியாகத் தெரியவில்லை என்ற செய்தி பெரும் ஆறுதலாக இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

ஆடி உள்ள நுண்ணோக்கிகளில் இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். ஒளிக்குவிப்பான் இருந்தால் சமதள ஆடியையும், அது இல்லாவிட்டால் குழி ஆடியையும் பயன்படுத்த வேண்டும். குவிப்பான் இருந்தும் குழி ஆடியைத் திருப்பி வைத்தால் ஒளி சீராகப் பரவாது. சில வேளை ஜன்னல் கம்பிகளின் பிம்பம்கூட உள்ளே தெரியும், அதை ஏதோ நார் என்று வரைந்து வருவார்கள். குவிப்பானை மேடையை ஒட்டி மேலே ஏற்றி வைத்துவிட்டு, வெளிச்சத்தின் அளவை டயஃப்ரத்தால் மட்டுமே சரிசெய்யப் பழக்குங்கள். அடுத்தது, வெயில் நேரடியாக விழும் ஜன்னலை நோக்கி ஆடியைத் திருப்பக் கூடாது. குவிந்த வெயில் கண்ணின் விழித்திரையை நிரந்தரமாகப் பழுதாக்கிவிடும். வடக்குப் பார்த்த ஜன்னல், வெளிச்சம் படும் வெள்ளைச் சுவர், அல்லது வெள்ளைத் தாள் ஒட்டிய விளக்கு ஆகிய ஏதாவதொன்று போதும். நுண்ணோக்கி வகுப்பில் மாணவருக்கு ஏற்படக்கூடிய மிகப் பெரிய ஆபத்து இதுதான் என்பதால், முதல் வகுப்பின் முதல் அறிவிப்பாகவே இதைச் சொல்லுங்கள்.

உடல் நிலையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். குட்டையான மாணவர் கழுத்தை நீட்டிக்கொண்டு எக்கிப் பார்த்தால் இமைமயிர்தான் தெரியும். முக்காலியின் உயரம் பொருந்தாவிட்டால் நின்றுகொண்டே பார்க்கட்டும். கண்ணை லென்ஸில் ஒட்டி வைக்காமல், ஒளி வட்டம் முழுதாகத் தெரியும் தொலைவுவரை மெல்ல விலக வேண்டும். மற்றொரு கண்ணை மூடிக்கொள்வதால் முகத்தசை இறுகிச் சீக்கிரம் களைப்பு வரும். இரு கண்ணையும் திறந்து வைத்துப் பழகினால் சில நாள்களில் மூளை மற்றக் கண்ணின் காட்சியைப் புறக்கணித்துவிடும். தொடக்கத்தில் அந்தக் கண்ணைக் கையால் மறைத்துக்கொள்ளலாம். கிட்டப்பார்வை அல்லது தூரப்பார்வைக்குக் கண்ணாடி அணிபவர் அதைக் கழற்றிவிட்டுத் திருகால் சரிசெய்துகொள்ளலாம். சிதறல் பார்வைக்கு (அஸ்டிக்மாட்டிசம்) அணிபவர் கழற்றக் கூடாது, ஏனெனில் அந்தக் குறையைத் திருகு ஈடுகட்டாது. ஒருவர் ஃபோகஸ் செய்தது அடுத்தவருக்கு மங்கலாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். வரிசையில் அனுப்பிக் காட்டும் முறை இங்கும் தோற்கிறது.

அடுத்து, எது பொருள் அல்ல என்று கண்டுகொள்ளக் கற்பிக்க வேண்டும். புதிதாகப் பார்ப்பவர் செல் என்று வரைவதில் பெரும் பகுதி காற்றுக்குமிழியாக இருக்கும். கச்சிதமான வட்டம், தடித்த கறுப்பு விளிம்பு, பளிச்சென்ற நடுப்பகுதி ஆகியவை குமிழியின் அடையாளங்கள். அதை வேண்டுமென்றே உண்டாக்கிக் காட்டுங்கள். ஒரு சொட்டு நீரின் மேல் கவர் ஸ்லிப்பை நேராகப் போட்டால் குமிழிகள் வரும். ஒரு விளிம்பை நீரில் தொடவைத்து, ஊசியால் தாங்கிச் சாய்வாக இறக்கினால் வராது. தூசு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறையை மாணவர்கள் மிகவும் விரும்புவார்கள். கண்ணருகு லென்ஸைச் சுழற்றும்போது புள்ளியும் சுழன்றால் தூசு அங்கே இருக்கிறது. ஸ்லைடை நகர்த்தும்போது கூடவே நகர்ந்தால் ஸ்லைடில் இருக்கிறது. இரண்டிலும் அசையாமல் நின்றால் பொருளருகு லென்ஸிலோ குவிப்பானிலோ ஆடியிலோ தேட வேண்டும். ஒரு கருதுகோளைச் சோதித்து ஒதுக்கும் அறிவியல் முறையை இவ்வளவு எளிதாக வேறெங்கும் கற்பிக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

இவ்வளவும் ஆன பிறகு உயிருள்ள பொருளுக்கு வரலாம். வெங்காயத்தின் சதைப்பற்றான இதழின் உட்குழிந்த பக்கத்திலிருந்து உரிக்கும் தோல் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது. அதுவே வழக்கமான முதல் ஸ்லைடு, அதில் தவறில்லை. ஒன்றை வெறும் நீரிலும் மற்றொன்றை நீர்த்த அயோடின் கரைசலிலும் வைத்து ஒப்பிடச் செய்யுங்கள். இரண்டாவதில் உட்கரு மஞ்சள் கலந்த பழுப்பாகத் துலங்கும். ஆனாலும் மாணவர்களை உண்மையில் கவர்வது பள்ளித் தோட்டங்களில் வளரும் ரியோ செடியின் இலை. அதன் ஊதா நிற அடித்தோலை உரித்து நீரில் வைத்தால், சாயம் ஏதுமின்றியே ஊதாச் செல்களும் அவற்றினிடையே இலைத்துளைகளின் காப்புச் செல்களும் தெரியும். செறிந்த உப்புக் கரைசலைக் கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பில் விட்டு மறு விளிம்பில் வடிதாளால் உறிஞ்சினால், ஊதா நிறம் செல் சுவரை விட்டு விலகிச் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். குளத்திலிருந்து கொண்டுவரும் வேலம்பாசியின் இளம் இலையை அப்படியே நீரில் வைத்து, நடு நரம்பை ஒட்டிய செல்களைச் சில நிமிடம் பொறுமையாகக் கவனித்தால், பசுங்கணிகங்கள் வரிசையாக நகர்ந்து செல்வது தெரியும். உடனே தெரியாவிட்டால் சிறிது நேரம் வெளிச்சத்தில் வைத்திருந்து மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் அம்புக்குறியாக இருந்தது கண்முன் அசையத் தொடங்கும் அந்த நேரத்தில், வகுப்பை அடக்க நீங்கள் சிரமப்பட வேண்டியிருக்கும்.

வேலம்பாசி இலை இரண்டு அடுக்குச் செல்களால் ஆனது என்பதால் ஆழத்தைப் பற்றியும் பேச வாய்ப்புக் கிடைக்கிறது. 40 மடங்கில் ஒரு நேரத்தில் தெளிவாகத் தெரிவது மிக மெல்லிய ஒரு தளம் மட்டுமே. சிறிய திருகை அசைத்தால் மேலடுக்கு மறைந்து கீழடுக்கு வரும். இதற்கு முன்பயிற்சியாக ஒரு கறுப்பு மயிரையும் ஒரு நரை மயிரையும் குறுக்காக வைத்து, எது மேலே இருக்கிறது என்று திருகை மட்டும் வைத்துச் சொல்லச் செய்யலாம். கை எப்போதும் சிறிய திருகின் மேல் இருக்க வேண்டும், பார்க்கும்போதெல்லாம் அது மெல்ல அசைந்துகொண்டே இருக்க வேண்டும். தேர்ந்தவர் எவரும் அசையாத கையுடன் பார்ப்பதில்லை.

வரைவதைப் பற்றி ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. படமெடுத்து ஒட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வரைவதால் கூர்ந்து கவனிக்கும் பழக்கம் வளர்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அது என் வகுப்புகளில் கண்டதே தவிர, அளந்து நிறுவியது அன்று. நான் வைத்த நிபந்தனை ஒன்றே: புத்தகம் மூடியிருக்க வேண்டும், படத்தில் வரும் எந்தக் கோட்டையும் "இதை எங்கே பார்த்தாய்?" என்று கேட்டால் ஸ்லைடில் காட்ட முடிய வேண்டும். இருநூறு செல்களைக் கட்டம் கட்டமாக நிரப்புவதைவிட, அடுத்தடுத்த நான்கு செல்களைப் பெரிதாகவும் அவற்றின் உண்மையான விகிதத்திலும் வரைவது நல்லது. புத்தகத்தில் உட்கரு நடுவில் இருக்கும். ஸ்லைடில் பெரும்பாலும் சுவரை ஒட்டி ஒதுங்கியிருக்கும். மாணவர் எங்கே வரைந்திருக்கிறார் என்பதைப் பார்த்தாலே எதைப் பார்த்து வரைந்தார் என்று தெரிந்துவிடும். வரைபடத்தோடு ஓர் அளவும் வேண்டும். ஒளிபுகும் பிளாஸ்டிக் அளவுகோலை மேடையில் வைத்துக் குறைந்த திறனில் வட்டத்தின் விட்டத்தை அளந்துகொண்டால், மற்ற லென்ஸுகளுக்கு வகுத்தல் கணக்குத்தான். விட்டம் 1.8 மில்லிமீட்டராக உள்ள வட்டத்தில் குறுக்காக ஆறு வெங்காயச் செல்கள் நீளவாக்கில் அடங்கினால், ஒரு செல்லின் நீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர். வெறுங்கண்ணால் காணக்கூடிய எல்லைக்கு மிக அருகில் அது இருக்கிறது என்று அறியும்போது மாணவர்கள் வியப்படைகிறார்கள்.

கைபேசியை இணைத்துத் திரையில் காட்டுவது பற்றிக் கேட்டீர்கள். அதை நான் மறுக்கவில்லை, ஆனால் இடம் மாற வேண்டும். மாணவர்கள் தாமே தேடிப் பார்த்த பிறகு, கண்டதைப் பற்றி எல்லாரும் சேர்ந்து பேச அது மிகவும் பயன்படும். தேடுவதற்கு முன்பே காட்டிவிட்டால் தேடல் முடிந்துவிடுகிறது. கைபேசியில் விரலால் பெரிதாக்கினால் புதிய விவரம் எதுவும் வராது என்பதையும் காட்டுங்கள். எண் துளை (லென்ஸ் எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியை வாங்குகிறது என்பதைக் குறிக்கும் எண்) 0.65 உள்ள 40 மடங்கு லென்ஸால் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி ஏறக்குறைய அரை மைக்ரோமீட்டர். அதற்குக் கீழே உள்ளதை எந்தத் திரையும் மீட்டுத் தராது. மனு பிரகாஷும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அவரது குழுவினரும் 2014-இல் அறிமுகப்படுத்திய, மடித்துச் செய்யும் காகித நுண்ணோக்கியான ஃபோல்ட்ஸ்கோப் பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். சுமார் 140 மடங்கு பெருக்கும் அது, மாணவர் வீட்டுக்கு எடுத்துச்சென்று மகரந்தத்தையும் இலைத்துளையையும் தானே தேடிப் பார்க்க மிக நல்ல கருவி. எனினும் குவிப்பானையும் டயஃப்ரத்தையும் கையாளும் பழக்கத்தை அது தராது. ஆய்வக நுண்ணோக்கிக்குத் துணையாகலாம், மாற்றாகாது.

ஐந்து நுண்ணோக்கிகளுக்கு ஐம்பது பேர் என்பது கடினமான நிலைதான். வகுப்பை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவு ஆய்வகத்தில் இருக்கும்போது மற்றது எழுத்து வேலையில் இருக்கட்டும். அப்போது ஒரு கருவிக்கு ஐந்து பேர். ஒருவர் கருவியில், ஒருவர் அருகில் நின்று கை வேலையைக் கவனித்துப் பிழை சொல்ல, ஒருவர் ஸ்லைடு தயாரிக்க, இருவர் வரைய என்று வேலையைச் சுழற்றலாம். ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் அமர்வதற்கு முன் மூன்று செயல்கள் கட்டாயம்: குறைந்த திறன் லென்ஸுக்குத் திருப்புதல், ஸ்லைடை எடுத்தல், டயஃப்ரத்தை முழுதும் திறந்துவிடுதல். அவ்வாறு செய்தால் ஒவ்வொருவரும் தொடக்கத்திலிருந்தே தேடியாக வேண்டும். இதனால் ஒரு வகுப்பில் பார்த்து முடிக்கும் ஸ்லைடுகளின் எண்ணிக்கை குறையும். பாடத்திட்டத்தை நிறைவு செய்யும் நெருக்கடியில் உங்களுக்கு இது பொருந்துமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். என்னைப் பொறுத்தவரை, பத்து ஸ்லைடுகளை எட்டிப் பார்த்தவரைவிட மூன்று ஸ்லைடுகளைத் தானே கண்டுபிடித்தவர் அடுத்த ஆண்டு கருவியின் முன் தயங்காமல் அமர்கிறார்.

கற்றுக்கொண்டார்களா என்று அறிய, வாய்மொழிக் கேள்வியை விட்டுவிட்டு நுண்ணோக்கியை வேண்டுமென்றே தாறுமாறாக்கி வையுங்கள். ஒன்றில் ஆடி வேறு பக்கம் திரும்பியிருக்கட்டும். ஒன்றில் பொருளருகு லென்ஸ் சரியாகப் பொருந்தாமல் பாதியில் நிற்கட்டும். ஒன்றில் டயஃப்ரம் மூடியும் குவிப்பான் இறங்கியும் இருக்கட்டும். ஒன்றில் ஸ்லைடு தலைகீழாக இருக்கட்டும். ஒன்றில் எல்லாம் சரியாக இருந்து கண்ணருகு லென்ஸில் மட்டும் தூசு இருக்கட்டும். எது தவறு என்று கண்டுபிடித்து, சரிசெய்து, செய்ததை இரண்டு வரியில் எழுத வேண்டும். இதில் தேறும் மாணவர் எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் தானே சமாளிப்பார்.

பாக்டீரியாவைக் காட்ட முடியுமா என்று மாணவர்கள் கேட்பார்கள். எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸும் நல்ல குவிப்பானும் சாயமேற்றலும் இல்லாமல் அதில் மனநிறைவான காட்சி கிடைக்காது என்று நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் கருவிகளில் 100 மடங்கு லென்ஸ் இருந்தால், இந்த ஆண்டு அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு அந்தத் துளையை மூடிவிடுவதே பாதுகாப்பு. இந்த வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: வகுப்புக்கு முன் ஐந்து நுண்ணோக்கிகளையும் நீங்களே 'ட' எழுத்து ஸ்லைடை வைத்து ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். 40 மடங்கு லென்ஸின் முனையில் பழைய சாயமோ கிளிசரினோ உலர்ந்து ஒட்டியிருந்தால் எந்த மாணவராலும் எதையும் தெளிவாக்க முடியாது. லென்ஸ் தாளில் காய்ச்சி வடித்த நீரைத் தொட்டு மெல்ல ஒற்றி எடுங்கள், சட்டைத் துணியால் தேய்க்காதீர்கள். ஈரத்தால் லென்ஸினுள் பூஞ்சை படர்ந்து சிலந்தி வலைபோலத் தெரிந்தால் அதைப் பள்ளியில் பிரித்துப் பார்க்க வேண்டாம், பழுது நீக்குபவரிடம் கொடுங்கள். சோதனையில் தேறாத கருவியை ஒதுக்கிவிட்டு, நான்கு நல்ல கருவிகளோடு வகுப்பைத் தொடங்குங்கள்.